கிளவுட் இமேஜ்: எங்கே கட்டுவது, எங்கே சோதிப்பது?

2024 ஜூலை முதல் வாரம். சாரல் பார்க்கக் குற்றாலத்துக்கு ஆள் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எங்கள் ஆபீஸில், மென்பொருள் இறக்கி நிறுவும் யம் கமாண்ட் ஓடமாட்டேன் என்றது. எங்கள் சர்வர்களில் ஓடிய சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸுக்கு ஜூன் 30-ஆம் தேதியோடு ஆயுள் முடிகிறது என்பது வருஷக்கணக்காகத் தெரிந்த சேதிதான். ஆனால் பேக்கேஜ்களை (மென்பொருள் பொட்டலங்களை) இறக்கும் மிரர் சர்வர்களின் பட்டியல் தருகிற முகவரியே உடனே அடைபடும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. புது சர்வர் எழுந்ததும் பேக்கேஜ்களை இறக்கி நிறுவிக்கொள்ளும்படி எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்ட் எல்லாம் ஒரே நாளில் படுத்துவிட்டது. பழைய பேக்கேஜ்கள் வால்ட் என்ற காப்பக சர்வரில் பத்திரமாக இருந்ததால் முகவரியை மாற்றி ஒருவழியாக ஓட்டினோம்.

"அண்ணாச்சி, இப்படி ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு எத்தனை நாளைக்கு ஓட்ட?" என்றான் எங்களிடம் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத தம்பி. நியாயமான கேள்வி.

நாங்கள் மூன்று பேர். அம்பாசமுத்திரம், வீரவநல்லூர் பக்கத்து ரைஸ் மில்கள், பாளையங்கோட்டையில் இரண்டு கல்லூரிகள், டவுனில் ஒரு ஜவுளிக்கடை. இவர்களுடைய பில்லிங், கணக்கு, மாணவர் சேர்க்கை சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் பிழைப்பு. பாதி அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸின் மும்பை மையத்தில் ஓடுகிறது, மீதி மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸ்யூரின் சென்னை மையத்தில். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே மாதிரி லினக்ஸ் வேண்டும்: ஃபயர்வால், பேக்கப், கண்காணிப்பு, இந்திய நேரம், தமிழ் எழுத்துரு. பெரும்பாலானவற்றுக்கு டெபியன் 12 என்று தீர்மானித்தோம். ஒரே ஒரு கணக்கு மென்பொருள் ரெட்ஹேட் வகையைத்தான் ஏற்கும் என்பதால் அதற்கு மட்டும் ராக்கி லினக்ஸ் 9. இத்தனையும் முன்கூட்டியே போட்டு, வேண்டும்போது புது சர்வராக எழுப்பிக்கொள்ளும் டிஸ்க் பிரதிக்குத்தான் இமேஜ் என்று பெயர். இந்த அடிப்படை இமேஜை எப்படித் தயாரிப்பது என்பதில்தான் இழுபறி. நாலு வழியையும் ஓட்டிப் பார்த்தோம்.

எந்தக் கருவியில் கட்டலாம் என்று பேசியே ஒரு மாதம் போனது. கட்டியதை எங்கே, எதை வைத்துச் சோதிக்கப்போகிறோம் என்று முதலில் கேட்டிருந்தால் கருவி தன்னால் அமைந்திருக்கும்.

கழித்துக்கட்டிய பழைய வழி

அதற்கு முன் நாங்கள் செய்துவந்ததையும் சொல்ல வேண்டும். ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பைப் போட்டுக் கையாலே நிறுவுவது, வேண்டியதைச் சேர்ப்பது, டிஸ்க் கோப்பை அப்படியே கிளவுடுக்கு ஏற்றுவது. இமேஜ் ஒரு டெஸ்க்டாப்பில் இருந்தது. அதை எப்படிச் செய்தோம் என்பது என் தலையில் இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரையேறி ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றபோது அந்த டெஸ்க்டாப் தரைத்தளத்தில்தான் கிடந்தது. பெட்டியை மேசைமேல் தூக்கி வைத்தோம், தண்ணீர் மேசை வரைக்கும் வந்தது. கிளவுடில் ஏற்கெனவே ஏற்றியிருந்த பிரதி பிழைத்தது. ஆனால் அதற்குள் என்னென்ன மாற்றியிருந்தோம் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கரண்டும் நெட்டும் வந்த பிறகு, நான் ஆறு மாதத்துக்கு முன் தட்டிய கமாண்ட்களை ஞாபகப்படுத்தி எழுத உட்கார்ந்தேன். பாதிதான் வந்தது.

அதனால் இனி எந்த வழியானாலும் செய்முறை எழுத்தில் இருக்க வேண்டும், மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் (Git) கருவியில் இருக்க வேண்டும் என்று முடிவானது. இமேஜ் போனால் போகட்டும், மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

இமேஜே கட்டாமல் இருப்பது

முதல் வழி இதுதான். டிஸ்ட்ரோக்காரர்கள் (டெபியன், ராக்கி போன்ற லினக்ஸ் வகைகளைத் தருபவர்கள்) வெளியிடும் அதிகாரபூர்வ இமேஜை அப்படியே எடுத்துக்கொண்டு, முதல் பூட்டில், அதாவது சர்வர் முதல்முறை எழும்போது, கிளவுட்-இனிட் என்ற கருவி மூலம் நமக்கு வேண்டியதைச் செய்யச் சொல்வது. கனானிக்கல் நிறுவனம் அமேசானில் தன் உபுண்டு லினக்ஸை ஓட்டுவதற்காகத் தொடங்கிய கிளவுட்-இனிட் இன்று அநேகமாக எல்லா டிஸ்ட்ரோவின் கிளவுட் இமேஜிலும் இருக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் போட்ட புது இமேஜ் நாம் கேட்காமலே வந்துகொண்டிருக்கும். நமக்கு ஒரு வேலை மிச்சம்.

குறை என்னவென்று மேலே சொன்ன ஜூலைக் கதையே சொல்லிவிட்டது. சர்வர் எழும் ஒவ்வொரு முறையும் வெளியே யாரோ நடத்தும் மிரரை நம்பி நிற்கிறோம். இன்று எழுந்த சர்வரும் அடுத்த மாதம் எழும் சர்வரும் ஒரே மாதிரி இருக்கும் என்று உறுதியில்லை. ஒரு வாடிக்கையாளர், ஒன்றிரண்டு சர்வர் என்றால் நான் இன்றைக்கும் இதையே சொல்வேன். இமேஜ் கட்டுகிறேன் என்று இறங்கினால் மாதாமாதம் அதைப் புதுப்பிக்கும் கடமையும் கூடவே வரும். பலர் அதை யோசிப்பதில்லை.

பேக்கர்

ஹாஷிகார்ப் 2013-இல் வெளியிட்ட பேக்கர் வேலை செய்யும் விதம் எளிமையானது. கிளவுடில் ஒரு மெஷினை எழுப்பும், தூரத்து மெஷினுக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போகும், நம் ஸ்கிரிப்டை ஓட்டும், மெஷினை நிறுத்தி அதன் டிஸ்க்கை ஸ்னாப்ஷாட்டாகப் பிரதி எடுக்கும், தடயத்தைத் துடைத்துவிட்டு வரும். கட்டும் இடமும் ஓடும் இடமும் ஒன்று என்பதால் டிரைவர் தகராறு அநேகமாக வராது. நம் பக்கமிருந்து போவது சில கேபி எழுத்து மட்டுமே.

இந்தக் கடைசி விஷயம் நம் ஊரில் சாதாரணமில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்லோட் 20 எம்பிபிஎஸ் கிடைத்தால் 2 ஜிபி இமேஜ் ஏற ஏறத்தாழ 13 நிமிஷம். 10 ஜிபி என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல். நடுவில் கரண்டு போய் இன்வெர்ட்டரும் கைவிட்டால் முதலிலிருந்து. பேக்கருக்கு இந்தக் கவலை இல்லை.

வேறு கவலை உண்டு. பேக்கர் ஓடிக்கொண்டிருக்கும்போது நம் கம்ப்யூட்டர் அணைந்தால், அது எழுப்பிய மெஷின் அங்கே அனாதையாக ஓடிக்கொண்டிருக்கும். ஏடபிள்யூஎஸ் லினக்ஸ் மெஷினுக்கு நொடிக்கணக்கில்தான் வாடகை, குறைந்தது 60 நொடி. ஆனால் யாரும் கவனிக்காத நொடிகள் ஒரு வாரத்தில் எவ்வளவு ஆகும் என்பதை எங்கள் பில் காட்டியது. பழைய ஏஎம்ஐயை (ஏடபிள்யூஎஸ்ஸில் இமேஜுக்குப் பெயர்) பதிவிலிருந்து நீக்கும்போது ஸ்னாப்ஷாட்டையும் சேர்த்து நீக்கச் சொல்லவில்லை என்றால் அது இடத்தைப் பிடித்துக்கொண்டு வாடகை கேட்கும். இன்னொன்று, கட்டும்போது பேக்கர் பயன்படுத்திய தற்காலிகச் சாவி இமேஜுக்குள் தங்கிவிட வாய்ப்பு உண்டு. அதைத் துடைக்கச் சொல்லும் ஒரு அமைப்பு இருக்கிறது, கட்டாயம் போடுங்கள்.

2023 ஆகஸ்டில் பேக்கரின் உரிமம் திறந்த மூலத்திலிருந்து பிஎஸ்எல் என்ற கட்டுப்பாடுள்ள உரிமத்துக்கு மாறியதைச் சொல்லிச் சிலர் தயங்குகிறார்கள். சொந்த வேலைக்கு இமேஜ் கட்டுகிற எங்களைப் போன்றவர்களை அது தடுக்கவில்லை. ஹாஷிகார்ப்புக்குப் போட்டியாகப் பொருள் விற்பவர்களுக்கு அது கவலை.

இமேஜை எழுப்பாமலே மாற்றுவது

மூன்றாவது வழி, லிப்கெஸ்ட்எஃப்எஸ் கருவிக் குடும்பத்து விர்ட்-கஸ்டமைஸ். அதிகாரபூர்வ இமேஜை க்யூகவ்2 வடிவ டிஸ்க் கோப்பாக இறக்கி, அதை பூட் செய்யாமல், ஒரு குட்டி மெய்நிகர் மெஷினை எழுப்பி அதன்மூலம் டிஸ்க்கைத் திறந்து உள்ளே பேக்கேஜ் நிறுவி மூடிவிடும். லினக்ஸுக்குள் மெய்நிகர் மெஷின் ஓட்டும் கேவிஎம் வசதியுள்ள பழைய டெஸ்க்டாப்பே போதும். தம்பி ஒரு தப்பு செய்து, திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்ப்பதற்குள் டீ ஆறியிருக்காது. கற்றுக்கொள்ளும் பையனுக்குப் பில் பயம் இல்லாமல் உடைத்துப் பார்க்க ஒரு இடம் கிடைக்கிறதே, அது பெரிய விஷயம்.

டெபியனில் இமேஜைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைக் கவனியுங்கள். ஜெனரிக்கிளவுட் என்பது மெய்நிகர் மெஷின்களுக்கென்று டிரைவர்களைக் குறைத்த கெர்னலோடு (லினக்ஸின் மையக்கரு) வரும். ஜெனரிக் என்பதில் முழு கெர்னல். நோகிளவுட் என்று ஒன்று உண்டு: கிளவுட்-இனிட் இருக்காது, நிர்வாகி கணக்கான ரூட்டுக்குப் பாஸ்வேர்டே கிடையாது. வீட்டில் சோதிக்க அருமையானது. மறந்தும் இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள்.

இந்த வழியில் இமேஜ் உயிரோடு இல்லை என்பதால் சேவையை இயக்கிப் பார்க்க முடியாது, அடுத்த பூட்டில் இயங்கும்படி பதிவுதான் செய்யலாம். ராக்கி போன்றவற்றில், விர்ட்-கஸ்டமைஸின் பழைய பதிப்பாக இருந்தால், கோப்புகளுக்கான எஸ்இலினக்ஸ் பாதுகாப்பு லேபிள்களை மறுபடி போடச் சொல்ல மறந்தால் லாகினே கிடைக்காமல் போகலாம். இன்டெல் பெட்டியில் உட்கார்ந்து ஆர்ம் என்ற வேறு வகைச் சிப்புக்கான இமேஜுக்குள் கமாண்ட் ஓட்டவும் முடியாது. ஏடபிள்யூஎஸ்ஸின் ஆர்ம் வகையான கிராவிட்டான் மெஷின்களுக்கு மாறும் எண்ணம் இருந்தால் இதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

கட்டிய பிறகு ஒவ்வொரு கிளவுடுக்கும் ஏற்ற வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அஸ்யூர் நிலையான அளவுள்ள விஎச்டி வடிவ டிஸ்க் கோப்பை மட்டுமே வாங்கும். அதன் அளவு முழு எம்பியாக இருக்க வேண்டும், கூடக்குறைய இருந்தால் திருப்பி அனுப்பிவிடும். வடிவம் மாற்றும் க்யூஎமு-இமேஜ் கருவியில் ஃபோர்ஸ்-சைஸ் என்று சொல்லாவிட்டால் அளவு சற்றே பிசகும். அந்தப் பிசகுக்கு நாங்கள் ஒரு சாயங்காலத்தைக் கொடுத்தோம். கூகுள் கிளவுடுக்கு ரா டிஸ்க்கை ஒரு குறிப்பிட்ட பெயரில் டார்-ஜிஇசட்டுக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும். ஏடபிள்யூஎஸ்ஸில் எஸ்3 என்ற சேமிப்பகத்தில் ஏற்றி ஸ்னாப்ஷாட்டாக இறக்குமதி செய்வது ஒரு வழி. இபிஎஸ் என்ற டிஸ்க் சேவையின் நேரடி ஏபிஐ வழியாக, தரவு உள்ள பிளாக்குகளை மட்டும் 512 கேபி துண்டுகளாக எழுதுவது இன்னொரு வழி. வெற்றிடத்தை அனுப்பவேண்டியதில்லை என்பதால் நம் ஊர் நெட்டுக்கு இரண்டாவதே தோது.

அடியிலிருந்து கட்டுவது

நாலாவது, எதையும் இரவல் வாங்காமல் பேக்கேஜ்களிலிருந்து முழு இமேஜையும் கட்டுவது. டிஸ்ட்ரோக்காரர்கள் செய்வது இதுதான். டெபியன் கிளவுட் குழு எஃப்ஏஐ என்ற கருவியில் கட்டுகிறது. ஃபெடோரா தன் கிளவுட் இமேஜ்களை 40-ஆம் பதிப்பிலிருந்து ஓபன்சூசே பக்கத்துக் கருவியான கிவிக்கு மாற்றிக்கொண்டது. லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி வட்டாரத்திலிருந்து வந்த எம்கேஓஎஸ்ஐ புதியவர்களுக்குக் கொஞ்சம் கருணை காட்டும். நான் அதில் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தேன். டெபியனின் ஸ்னாப்ஷாட் காப்பகத்தில் ஒரு தேதியைக் குறித்துக் கொடுத்தால் அந்தத் தேதியில் இருந்த பேக்கேஜ்களையே வைத்து இமேஜ் வரும். மறுபடி கட்டினாலும் அதே பேக்கேஜ்கள். ஜூலையில் பட்டவனுக்கு அது தேன்.

ஆனால் பூட்லோடர், பார்ட்டிஷன், மெஷினை பூட் செய்யும் ஃபர்ம்வேரான யூஇஎஃப்ஐ, சீரியல் கன்சோல் என்று ஒவ்வொன்றும் நம் பொறுப்பாகிவிடும். தென்காசி மத்தளம்பாறையில் ஆபீஸ் வைத்திருக்கும் ஜோஹோ மாதிரி சொந்த டேட்டா சென்டரில் ஓட்டுபவர்களுக்குக் கணக்கே வேறு. மூன்று பேர் நடத்தும் கடைக்கு இது சொந்தமாக நெல் போட்டு, அறுத்து, அவித்து, குத்திச் சோறாக்குவது மாதிரி. எனக்கு ஆசை இருக்கிறது, நேரம் இல்லை.

பெட்டியில் ஓடியது, கிளவுடில் நின்றது

இப்போது சோதனைக்கு வருகிறேன். எங்கள் முடிவைத் தீர்மானித்தது இதுதான்.

ராக்கி இமேஜைப் பழைய பழக்கத்தில் நானே ஐஎஸ்ஓவிலிருந்து கேவிஎம்மில் நிறுவினேன். ஆபீஸ் பெட்டியில் பதினைந்து நொடியில் லாகின் வந்தது. ஏடபிள்யூஎஸ்ஸில் ஏற்றினோம். மெஷின் ஓடுவதாகக் காட்டியது, பிங் இல்லை, எஸ்எஸ்எச் இல்லை.

"ஏல, கன்சோல் லாக் எடுத்துப் பாத்தியா?"

"பாத்தாச்சு அண்ணாச்சி. மூணு நிமிஷமா டிஸ்க்கைத் தேடிக்கிட்டே கெடக்கு. அப்புறம் எமர்ஜென்சி ஷெல்லுனு சொல்லிட்டு உக்காந்துட்டு."

அவன் திருப்பிக் காட்டிய திரையில் டிராகட் டைம்அவுட் என்ற வரி ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாக நின்றது. காரணம் இது: டிராகட் என்ற கருவி, பூட்டின் தொடக்கத்துக்கு வேண்டிய டிரைவர் பொட்டலமான இனிட்ராம்எஃப்எஸ்ஸைக் கட்டும்போது, நிறுவிய மெஷினுக்கு வேண்டிய டிரைவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். கேவிஎம்மில் டிஸ்க் வெர்ட்ஐஓ என்ற மெய்நிகர் இணைப்பு வழியாக வருகிறது. ஏடபிள்யூஎஸ்ஸின் நைட்ரோ வகை மெஷின்களில் அது என்விஎம்இ என்ற வேறு இணைப்பு. கெர்னல் எழுந்துவிட்டது, ரூட் டிஸ்க்கைத் திறக்கும் சாவி மட்டும் பொட்டலத்தில் இல்லை. டிராகட்டின் ஜெனரிக் அமைப்புப் பேக்கேஜை நிறுவி, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டியதும் எழுந்தது.

இதில் எனக்கு உறைத்தது வேறு. இந்தத் தப்பைக் கண்டுபிடிக்கக் கிளவுடுக்கே போயிருக்க வேண்டாம். கேவிஎம்மோடு சேர்ந்து மெஷினைப் போலி செய்யும் க்யூஎமுவில் டிஸ்க்கை வெர்ட்ஐஓவாகக் காட்டாமல் என்விஎம்இ ஆகக் காட்டலாம், ஒரு வரி மாற்றம். ஓவிஎம்எஃப் ஃபர்ம்வேர் வைத்து யூஇஎஃப்ஐ பூட்டையும் பார்க்கலாம். சிஐடேட்டா என்று பெயரிட்ட ஒரு சின்ன ஐஎஸ்ஓவை மாட்டினால் கிளவுட்-இனிட் கிளவுடில் இருப்பதாகவே நினைத்து வேலை செய்யும். இத்தனையும் செலவில்லாமல், பைபாஸ் ரோட்டு டீக்கடைக்கு எழுந்துபோகாமல் முடியும்.

ஆபீஸ் பெட்டி மட்டுமே காட்டிக்கொடுத்த தப்பும் ஒன்று உண்டு. ஒரே இமேஜிலிருந்து இரண்டு மெஷின் எழுப்பினோம், இரண்டும் ஒரே ஐபியை வாங்கிக்கொண்டு மல்லுக்கட்டின. மெஷினின் தனி அடையாள எண் இருக்கும் மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்காமல் இமேஜுக்குள் விட்டிருந்தோம். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, ஐபி வழங்கும் டிஎச்சிபியிடம் தன் அடையாளத்தை அதிலிருந்துதான் உருவாக்கிச் சொல்கிறது, ஆகவே இரண்டையும் ஒரே ஆள் என்று டிஎச்சிபி நினைத்துவிட்டது. கிளவுடில் ஐபி நெட்வொர்க் கார்டோடு கட்டுப்பட்டது என்பதால் இந்தக் கோளாறு அங்கே வெளியே தெரியாமல் உள்ளேயே புழுத்திருக்கும்.

உள்ளூரில் பார்க்கவே முடியாதவையும் இருக்கின்றன. அமேசானின் ஈஎன்ஏ நெட்வொர்க் கார்டை க்யூஎமு போலி செய்யாது. இமேஜைப் பதியும்போது ஈஎன்ஏ உண்டு என்று குறிக்கத் தவறினால் நைட்ரோ மெஷின் எழவே எழாது. அஸ்யூரின் ஹைப்பர்-வி டிஸ்க்கும் நெட்வொர்க்கும் அப்படித்தான், அங்கே போனால்தான் உண்மை தெரியும். அஸ்யூரில் இன்னொரு வம்பு: மெஷின் நன்றாக ஓடினாலும், நான் தயார் என்று அதற்குச் சொல்ல கிளவுட்-இனிட்டோ அஸ்யூர் ஏஜென்ட்டோ உள்ளே இல்லையென்றால், கடைசியில் தோல்வி என்றே எழுதி வைக்கும்.

பெரிய ஆட்கள் இதற்கெல்லாம் பெரிய ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஓபன்சூசேயும் ஃபெடோராவும் பயன்படுத்தும் ஓபன்க்யூஏ திரையில் வரும் படத்தையே பார்த்துச் சரியா தவறா என்று சொல்லும். மைக்ரோசாஃப்டின் லிசா அஸ்யூரில் லினக்ஸைச் சோதிக்கவே எழுதப்பட்டது. எங்களுக்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்டும் டெஸ்ட்இன்ஃப்ரா என்ற சோதனைக் கருவி கொஞ்சமும் போதுமென்று விட்டோம். இருக்கிற சோதனைகளில் இரண்டு வேறு எங்கும் கிடைக்காது. ஒன்று, நேரம். கிளவுட் இமேஜ்கள் வழக்கமாக யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வரும். நடுராத்திரி 12 மணி பேக்கப் நமக்குக் காலை ஐந்தரைக்கு ஓடும், அந்நேரம் மில்லில் லாரி வந்து நிற்கும். இன்னொன்று, தமிழில் ஒரு பில்லை பிடிஎஃப் ஆக்கிப் பார்ப்பது. சர்வர் இமேஜில் தமிழ் எழுத்துரு இருக்காது, லோஹித் தமிழைச் சேர்க்காவிட்டால் 'அரிசி' என்ற இடத்தில் நாலைந்து கட்டம் கட்டமாக வரும். சோதனை ஸ்கிரிப்ட் எழுதியவர்களில் யாருக்கும் தோன்றாதது, மில் அண்ணாச்சியின் கண்ணில் முதலில் பட்டது.

எல்லாச் சோதனையையும் இரண்டு முறை ஓட்டுகிறோம். முதல் பூட்டில் ஒரு தரம், ரீபூட் செய்து மறுபடி ஒரு தரம். கெர்னல் புதுப்பித்தபின் வரும் வியாதி எல்லாம் இரண்டாவது பூட்டில்தான் தலைகாட்டும்.

எங்கள் கணக்கு

இரண்டு கிளவுடில் வாடிக்கையாளர்கள், மெதுவான அப்லோட், கற்றுக்கொள்ளும் ஒரு பையன். எங்களுக்கு விர்ட்-கஸ்டமைஸ் பொருந்தியது. அதிகாரபூர்வ இமேஜில் மாற்றம், ஆபீஸ் பெட்டியில் க்யூஎமுவில் என்விஎம்இ, யூஇஎஃப்ஐ, கிளவுட்-இனிட் மூன்றும் பார்த்தபின், தேறினால் மட்டும் ஏற்றம், அங்கே பத்து நிமிஷத்துக்கு ஒரு மெஷின், சோதித்ததும் அழிப்பு. அழிக்கும் வேலையை ஸ்கிரிப்டின் கடைசி வரியில் வைக்காமல் முதலிலேயே தனியாக ஒரு டைமரில் வைத்துவிட்டோம், கரண்டு போனாலும் அங்கே மெஷின் தானாக அணையும்படி.

ஒரே கிளவுட்தான், வீட்டில் கேவிஎம் பெட்டி வைக்க வசதியில்லை என்றால் பேக்கரே நல்லது. அப்போது சோதனையையும் கிளவுடிலேயே செய்யப் பழகிக்கொள்ள வேண்டும், பில்லுக்கு ஒரு எச்சரிக்கை வரம்பும் வைக்க வேண்டும். கல்லூரி ஒன்றுக்கு மட்டும் நாங்கள் இமேஜ் கட்டவில்லை. வருஷத்தில் இரண்டு மாதம் சேர்க்கை நேரத்தில் ஓடும் ஒற்றை சர்வர், அதற்கு டெபியன் இமேஜும் முப்பது வரி கிளவுட்-இனிட்டும் யதேஷ்டம்.

சென்ட்ஓஎஸ் 7 இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது, வீரவநல்லூர் பக்கத்து மில்லில். புது இமேஜ் தயார், இரண்டு பூட்டும் தேறிவிட்டது, தமிழ் பில்லும் கட்டமில்லாமல் வருகிறது. எப்போது மாற்றலாம் என்று தம்பி போன வாரம் போன் போட்டான். "பிசான அறுப்பு முடியட்டும்வே, நெல்லு வந்து கெடக்கு" என்று வைத்துவிட்டார் மில் அண்ணாச்சி.